எந்தப் பாதம், என்ன கோணல், எதனால்?: வைத்தியசாலைப் பதிவுகள் குறித்து ஒரு திறந்த மடல்

வடமாகாண சுகாதாரத் திணைக்களத்தினருக்கும், யாழ். மாவட்ட வைத்தியசாலைகளின் பதிவறைகளில் பணியாற்றுவோருக்கும், விடுதியிலும் கிளினிக்கிலும் நோயாளியின் பதிவுத்தாளான ரிக்கற்றை எழுதும் வைத்தியர்களுக்கும்,

வணக்கம்.

பாதம் உட்புறம் மடங்கிப் பிறந்த குழந்தையின் ரிக்கற்றில் ‘கிளப் ஃபுட்’ என்று மட்டும் எழுதினால், அதற்குரிய குறியீடு கியூ66.0 அல்ல. ஒவ்வொரு நோய்க்கும் ஒரு குறியீடு தரும் உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி. 10 பட்டியலில், வகை சொல்லாத கிளப் ஃபுட் கியூ66.8 இன் கீழ் வருகிறது. ரேலஸ் என்னும் கணுக்கால் எலும்பு நிமிர்ந்து நிற்கும் வேர்ட்டிக்கல் ரேலஸும் பாத எலும்புகள் ஒட்டிப் பிறப்பதும் அதே கியூ66.8 தான். வேர்ட்டிக்கல் ரேலஸில் உள்ளங்கால் வெளியே புடைத்து நிற்கும்; அதற்குப் பாதத்தைத் திருப்பிப் பிளாஸ்ரர் போடும் திசையே நேர்மாறானது. இவை இரண்டும் ஒரே எண்ணுக்குள் போய்விட்டால் பிறகு எந்தக் கணக்கிலும் பிரித்தெடுக்க முடியாது. பாதம் கீழ்நோக்கியும் உட்புறமும் மடங்கிய வகைக்கு ‘பிறவி, ரலிப்பஸ் ஈக்குவைனோவேரஸ், வலது’ என்று எழுதுங்கள், கியூ66.0 சரியாக விழும். பதிவறையில் இருப்பவர் குழந்தையின் காலைக் காண்பதில்லை, உங்கள் கையெழுத்தை மட்டுமே காண்கிறார். ஊகித்துக் குறியீடு போட அவரை நாங்கள் வற்புறுத்தக் கூடாது.

‘வலது’ என்று சொல்லில் எழுதச் சொல்வதற்கும் காரணம் உண்டு. இணையத்தில் தேடினால் முதலில் வருபவை அமெரிக்கக் குறியீடுகள். அங்கே 2019 ஒக்ரோபரில் இருந்து வலது பாதத்துக்கு கியூ66.01, இடதுக்கு கியூ66.02 என்று பிரித்திருக்கிறார்கள். உலக சுகாதார நிறுவனத்தின் ஐ.சி.டி. 10 இல் அந்த ஐந்தாம் இலக்கம் கிடையாது. எனவே பக்கத்தைக் குறியீட்டில் தேடாமல் நோயறிதல் வரியிலேயே எழுத வேண்டும். இரண்டு பாதமும் என்றால் ‘இரண்டும்’ என்று எழுதுங்கள். ஏறத்தாழப் பாதிக் குழந்தைகளில் அப்படித்தான் இருக்கும்.

முன்பாதம் மட்டும் உள்ளே வளைந்து, குதிகால் நேராக இருந்தால் அது கியூ66.2. இவற்றில் பெரும்பாலானவை தாமாகவே நேராகிவிடும். கருப்பையில் கிடந்த விதத்தால் மடங்கிய, விரலால் திருப்பினால் முழுதாக நேராகும் பாதத்தையும் கியூ66.0 இல் சேர்க்க வேண்டாம். சேர்த்தால் ‘குணமான’ எண்ணிக்கை பொய்யாக உயரும்.

பெருந்தவறு நடப்பது பிறவிக்கும் பிறகு வந்ததற்கும் இடையில். நான்கு வயதில் கோணல் திரும்பி வந்த பிள்ளைக்கு எம்21.5 போடப்படுவது பிழை. அது பிறகு வந்த கோணல்களுக்கு உரியது. பிறவிக் கோணல் மீண்டும் வந்தாலும், சிகிச்சையின்றி நாற்பது வயதைத் தொட்டாலும் பிறவிக் கோணல்தான். வயதைப் பார்த்துக் குறியீட்டை மாற்றக் கூடாது.

எங்கள் மண்ணில் பிறகு வந்த கோணலுக்குக் காரணங்கள் பல. மிதிவெடியும் ஷெல்லும் தந்த பழைய காயம் என்றால், இன்றைய கோணலுக்குரிய குறியீட்டை முதலில் எழுதி, காலில் பட்ட காயத்தின் பின்விளைவுக்கான ரி93 ஐயும் போர்ச் செயல்களின் பின்விளைவுக்கான வை89.1 ஐயும் சேர்க்க வேண்டும். போலியோவின் மிச்சம் என்றால் பி91, தொழுநோயின் மிச்சம் என்றால் பி92. ‘பழைய காயம்’ என்ற இரண்டு சொல்லோடு நிறுத்தினால், போர் இந்த மாவட்டத்தின் கால்களுக்கு என்ன செய்தது என்பது அரச புள்ளிவிபரத்தில் இல்லாமலே போய்விடும். இதை நாங்கள் சிறிய விடயமாக நினைக்கவில்லை.

நீரிழிவுக்காரரின் பாதம் சிவந்து, சூடேறி, வீங்கி வந்தால் செலுலைற்றிஸ் (தோலடித் தொற்று) என்று எழுதி எல்03.1 போடுவது எளிது. புண் இல்லை, காய்ச்சல் இல்லை, காலை உயர்த்தி வைத்தால் சிவப்பு வடிகிறது என்றால் நரம்புணர்வு கெட்டு எலும்பும் மூட்டும் சிதையும் ஷார்க்கோ பாதத்தை நினையுங்கள். அதைத் தவறவிட்டு நடக்கவிட்டால் நடுப்பாத எலும்புகள் நொறுங்கி அடிப்பாதம் புடைத்துவிடும். இரண்டாம் வகை நீரிழிவில் குறியீடு ஈ11.6, அதனுடன் எம்14.6. நீரிழிவு முதலில், மூட்டு அடுத்து. வெறுமனே ‘நீரிழிவுக் கால்’ என்பதில் இருந்து இந்தச் சோடியை எவராலும் உருவாக்க முடியாது.

இனி கிளினிக். சுகாதார அமைச்சுக்குப் போகும் நோய், இறப்பு அறிக்கை உள்நோயாளருக்கு உரியது. பிறவிக் கோணலைப் பிளாஸ்ரரால் படிப்படியாகத் திருத்தும் பொன்செற்றி முறையில் வாரம் ஒரு பிளாஸ்ரர், பெரும்பாலும் ஐந்து அல்லது ஆறு, எல்லாம் கிளினிக்கிலேயே முடிந்துவிடும். குதிநாண் வெட்டுவதும் மரப்பு ஊசியோடு அங்கேயே நடக்கலாம். அப்போது அந்தக் குழந்தை எந்த அறிக்கையிலும் இல்லை. இருக்கும் ஒரே சான்று தாயின் கையில் உள்ள கிளினிக் கொப்பி. அது மழையில் நனைந்தால் சிகிச்சை வரலாறும் போயிற்று.

எனவே திணைக்களத்திடம் நாங்கள் கேட்பது, ஒவ்வொரு பாதத்துக்கும் ஒரு பக்கத் தாள், இரண்டு பிரதி: ஒன்று கொப்பியில், மற்றது கிளினிக்கில். ஒவ்வொரு வரவிலும், பிளாஸ்ரர் போடுமுன், கோணலின் கடுமையை அளக்கும் பிரானி புள்ளி எழுதப்பட வேண்டும். ஆறு அடையாளங்கள், ஒவ்வொன்றுக்கும் 0, 0.5 அல்லது 1. நடுப்பாத மூன்றையும் பின்பாத மூன்றையும் தனித்தனியே கூட்டுங்கள், மொத்தத்தை மட்டும் எழுத வேண்டாம். நடுப்பாதம் 1 இற்குக் கீழே வந்தும் பின்பாதம் 1 இற்கு மேல் நின்றால், ரேலஸின் தலையும் மூடியிருந்தால், நாண் வெட்டும் கட்டம் வந்துவிட்டது. மொத்தம் ‘2’ என்ற எண் அதைச் சொல்லாது. பிளாஸ்ரர் முழங்காலுக்கு மேல், முழங்கால் 90 பாகையில் மடித்துப் போடப்பட்டதா என்பதையும், அடுத்த வரவில் அது கீழே வழுகியிருந்ததா என்பதையும் குறியுங்கள். வழுகிய பிளாஸ்ரருக்குள் பாதம் வீங்கிக் குறுகி, திருத்தக் கடினமான வேறொரு கோணலாக மாறக்கூடும்.

நாண் வெட்டிய திகதி, பின் போட்ட மூன்று வாரப் பிளாஸ்ரர், கழற்றியபோது பாதம் எத்தனை பாகை மேலே எழும்பியது: மூன்றும் வேண்டும். அதன்பின் கொடுப்பது ஒரு கோலின் இரு முனைகளில் பொருத்திய சப்பாத்து; அதற்கு ‘சப்பாத்து கொடுக்கப்பட்டது’ என்ற வரி போதவே போதாது, திருப்பிய பாகையும் அணியும் நேரமும் வேண்டும். கோணல் பாதம் வெளியே 60 முதல் 70 பாகை, நல்ல பாதம் 30 முதல் 40 பாகை, முதல் மூன்று மாதம் நாளுக்கு 23 மணித்தியாலம், பின்னர் நான்கைந்து வயது வரை இரவில். உண்மையில் எத்தனை மணித்தியாலம் அணிவிக்கப்பட்டது என்று தாயிடம் கேட்டு, கண்டிக்காமல், சொன்னதை அப்படியே எழுதுங்கள். கோணல் திரும்பி வருவதற்கு முதன்மைக் காரணம் சப்பாத்து விடுபடுவதுதான். குடும்பநல உத்தியோகத்தர் வீட்டுக்குப் போகும்போது பார்ப்பதற்கும் இந்தத் தாள் உதவும்.

தாளின் மேல்வரியில் வகை, பக்கம், பிறவியா பிறகு வந்ததா, உடனிருக்கும் நோய் ஆகிய நான்கும் கட்டாயமாக இருக்கட்டும். முதுகுத்தண்டுப் பிளவு இருந்தால் கியூ05 ஐயும் சேர்க்க வேண்டும். அந்தப் பாதங்கள் விறைப்பானவை, தோல் உணர்வு குறைந்தவை, பிளாஸ்ரருக்குள் புண் வந்தாலும் குழந்தை அழாது. தாளின் மாதிரியை வரையவும், பதிவறை உத்தியோகத்தர்களுக்கும் புதிதாக வரும் வைத்தியர்களுக்கும் ஒன்றாக ஒரு நாள் பயிற்சி நடத்தவும் நாங்கள் ஆயத்தமாக இருக்கிறோம். திகதியைத் திணைக்களம் குறித்துத் தரட்டும்.

இப்படிக்கு,
யாழ்ப்பாணத்தில் பாதச் சிகிச்சையிலும் மருத்துவப் பதிவிலும் பணிபுரிவோர்