ஒரே தகவலை எத்தனை முறை கேட்பீர்கள்?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு, வணக்கம்.

கொரோனாவுக்குப் பிறகு பள்ளி ஆசிரியர்கள் ஓய்ந்துபோயிருக்கிறார்கள் என்ற பேச்சு எழுந்தாலே யோகா, தியானம், மனநலப் பயிற்சி என்றுதான் தீர்வு சொல்கிறார்கள். உலக சுகாதார நிறுவனமோ இந்தச் சோர்வை நோய் என்று சொல்லவில்லை. வேலையிடத்தில் நெடுநாள் சரிசெய்யப்படாத அழுத்தத்தின் விளைவு என்றே வகைப்படுத்தியிருக்கிறது. அப்படியானால் மருந்தும் வேலையிடத்தில்தான் இருக்க வேண்டும்.

தமிழ்நாட்டில் 2020 மார்ச்சில் மூடிய தொடக்கப் பள்ளிகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. ஒன்றாம் வகுப்பை முடிக்காமல் வீட்டுக்குப் போன குழந்தை நேரே மூன்றாம் வகுப்பில் வந்து உட்கார்ந்தது. வீட்டில் சொல்லிக்கொடுக்க ஆள் இருந்த பிள்ளையும், உயிரெழுத்தையே மறந்துவிட்ட பிள்ளையும் பக்கத்துப் பக்கத்தில்.

இந்த இடைவெளியை நிரப்ப 2022 ஜூனில் தமிழ்நாடு அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்தது. பிள்ளைகளை அவர்கள் கற்றிருக்கும் அளவைப் பார்த்து அரும்பு, மொட்டு, மலர் என மூன்று நிலையாகப் பிரித்துக் கற்பிக்கும் அதன் அடிப்படை சரியானது. அதைக் குறை சொல்ல மாட்டோம். சிக்கல் ஆள் கணக்கில் இருக்கிறது. 60 குழந்தைகள் வரை இரண்டு ஆசிரியர் போதும் என்கிறது கல்வி உரிமைச் சட்டம். ஈராசிரியர் பள்ளியில் ஐந்து வகுப்பையும் இந்த இருவர்தான் பார்க்க வேண்டும். 1 முதல் 3 வரை எடுப்பவர் அரும்புக் குழுவோடு உட்கார்ந்தால் மற்ற இரண்டு குழுக்களும் பயிற்சி நூலோடு தனியே இருக்க வேண்டும். ஆறு வயதுக் குழந்தை எவ்வளவு நேரம் அப்படி இருக்கும்? 20 குழந்தைகள், 3 பாடம் என்றால் நாளுக்கு 60 பக்கம் திருத்த வேண்டும். பக்கத்துக்கு ஒரு நிமிடம் வைத்தாலே ஒரு மணி நேரம் போய்விடும். அதற்குள் ஒருவர் பயிற்சிக்கோ கூட்டத்துக்கோ அழைக்கப்பட்டால் ஐந்து வகுப்பும் ஒருவர் தலையில்.

அதே சட்டம் வாரத்துக்கு 45 மணி நேரம் என்று சொல்லும்போது பாடத் தயாரிப்பையும் அதற்குள்தான் சேர்க்கிறது. அந்தத் தயாரிப்பு நேரத்தை, பள்ளித் தகவல்களை ஏற்றும் கல்வித் துறையின் இணையத் தளமான எமிஸ் தின்றுவிட்டது. வருகைப் பதிவு, விலையில்லாப் பொருள் வழங்கல், மதிப்பீடு எல்லாமே செயலியில். சிக்னல் கிடைக்காத ஊரில் போனைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓட வேண்டும்; சர்வர் சுற்றிக்கொண்டே இருந்தால் முதல் பாடவேளை போச்சு. இவ்வளவும் ஏற்றிய பிறகு, அதே எண்ணிக்கையை மாலைக்குள் எக்செல் படிவத்தில் அனுப்பச் சொல்லி பி.இ.ஓ. (வட்டாரக் கல்வி அலுவலர்) அலுவலக வாட்ஸ்அப் குழுவில் செய்தி வரும். ஆசிரியர்களின் மனம் விட்டுப்போவது இந்த இடத்தில்தான். பிள்ளைக்கு வாசிக்க வரவில்லை என்று தெரிகிறது, என்ன செய்ய வேண்டும் என்றும் தெரிகிறது, செய்ய நேரம் மட்டும் இல்லை. இதோடு வாக்குச்சாவடி நிலை அலுவலர் பணியும் இருப்பவருக்கு ஞாயிற்றுக்கிழமையும் கிடையாது.

கல்வித் துறையிடம் நாங்கள் கேட்பவை பெரியவை அல்ல. எமிஸில் ஏற்றிய எந்தத் தகவலையும் வேறு வடிவில் மறுபடி கேட்கக் கூடாது என்று எழுத்தில் ஆணை வேண்டும். வகுப்பு நேரத்தில் வருகைப் பதிவு தவிர வேறு எதையும் ஏற்றச் சொல்லக் கூடாது. ஈராசிரியர் பள்ளியில் ஒருவர் பயிற்சிக்குப் போகும் நாளில் அனுப்ப, ஒன்றியத்துக்குச் சில மாற்று ஆசிரியர்களையாவது நிரந்தரமாக நியமிக்க வேண்டும்.

இப்படிக்கு,
தொடக்கப் பள்ளி ஆசிரியர்கள் சிலர்,
விழுப்புரம் மாவட்டம்.