விட்ட இடத்திலிருந்து தொடர்ந்த பிரையன் மே

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

தங்கள் வாரமலரில் குயின் இசைக்குழுவின் கிற்றார்க் கலைஞர் பிரையன் மே பற்றி வெளிவந்த கட்டுரையை மகிழ்ச்சியோடு படித்தேன். ரொக் இசைக் கலைஞர் ஒருவர் வானியலில் கலாநிதிப் பட்டமும் பெற்றவர் என்ற செய்தி நம் இளைஞர்களைச் சென்றடைய வேண்டியதுதான். ஆயினும் கட்டுரை அவரைப் பிறவி மேதை என்று சொல்லி முடித்துவிட்டதில் எனக்கு உடன்பாடில்லை. அப்படிச் சொல்லிவிட்டால் அவரிடமிருந்து நம் பிள்ளைகள் கற்றுக்கொள்ள எதுவும் மிஞ்சாது. அவர் செய்தவற்றை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்ப்பவர்களுக்கு, மரவேலையானாலும் ஒலிப்பதிவானாலும் ஆராய்ச்சியானாலும், அவசரப்படாத ஒரே விதமான உழைப்புத்தான் அவற்றில் தெரியும்.

அவருடைய கிற்றாரையே பாருங்கள். 1963 இல், பதினாறு வயதில், கடையில் நல்ல மின்கிற்றார் வாங்க வசதியில்லாத நிலையில், மின்னணுவியல் தெரிந்த தந்தை ஹரோல்டுடன் சேர்ந்து அதை வீட்டிலேயே செய்யத் தொடங்கினார். கழுத்துப் பகுதிக்குக் கிடைத்தது, பழைய வீடொன்றில் குளிர்காயும் அடுப்பின் மேற்சட்டமாக இருந்த மஹோகனி மரம். அதில் பூச்சி அரித்த துளைகளைத் தீக்குச்சி வைத்து அடைத்தார்கள். தந்திகளைத் தளர்த்தியும் இறுக்கியும் ஒலியை அசைக்கின்ற பொறியைக் கூரான எஃகு விளிம்பொன்றின் மேல் தாங்க வைத்து, பழைய மோட்டார் சைக்கிள் எஞ்சினின் வால்வுச் சுருள்வில்களை அதற்குப் பொருத்தினார்கள். அந்தப் பொறியின் கைபிடி நுனியில் இருப்பது பின்னலூசியின் முனை. விரற்பலகையில் வெண்புள்ளிகளாகப் பதிந்திருப்பவை தாயாரின் தையற்பெட்டியில் இருந்த சிப்பிப் பொத்தான்கள். வேலை முடிய ஏறக்குறைய இரண்டு ஆண்டுகள் ஆயின. உலகமெங்கும் பெரிய மேடைகளில் அவர் இன்றுவரை வாசிப்பது அதே கிற்றாரைத்தான்.

ஒலிப்பதிவுக் கூடத்திலும் அவர் கை அப்படியேதான் இருந்தது. 1975 இல் வெளிவந்த இசைத்தட்டிலுள்ள ஒரு பாடலில் ட்ரம்பெட், கிளாரினெட், ட்ரொம்போன் எல்லாம் சேர்ந்த பழைய ஜாஸ் வாத்தியக் குழு ஒன்று முழங்குவது போலக் கேட்கும். அத்தனையும் அவருடைய கிற்றார்தான். ஒவ்வொரு வாத்தியமும் மூச்சில் எப்படி எழுந்து எப்படி அடங்குகிறது என்று கவனித்து, சில இடங்களில் ஓரிரு சுரங்களாகப் பதிவுசெய்து, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி அந்த ஒலியை உண்டாக்கினார்.

நான் மிகவும் வற்புறுத்த விரும்புவது அவருடைய ஆராய்ச்சியைப் பற்றியே. 1970 இல் இலண்டன் இம்பீரியல் கல்லூரியில் கலாநிதிப் பட்ட ஆய்வில் சேர்ந்தார். கோள்கள் சூரியனைச் சுற்றும் தளத்தில் பரவிக்கிடக்கும் நுண்தூசி எத்திசையில், என்ன வேகத்தில் நகர்கிறது என்பதே அவர் எடுத்துக்கொண்ட விடயம். அந்தத் தூசியில் பட்டுச் சிதறும் சூரிய ஒளியின் நிறமாலைக் கோடுகள் எவ்வளவு விலகியிருக்கின்றன என்று அளப்பதற்காக, தெனெரீஃப் தீவின் மலைமேல் உள்ள அவதான நிலையத்தில் இரவுகளைக் கழித்தார். 1974 அளவில் குயின் குழு பெயர்பெறத் தொடங்கவே, ஆய்வேடு முடிவுறாமல் நின்றுபோனது. படிப்பை விட்டதற்காகத் தந்தை மிகுந்த மனவருத்தம் அடைந்தார். கூடவே இருந்து கிற்றார் செய்து கொடுத்த தந்தைதான் அவர் என்பதை நம் பெற்றோர் கவனிக்க வேண்டும். பின்னர் நியூயோர்க்கின் மடிசன் சதுக்க அரங்கில் மகனின் நிகழ்ச்சியை நேரில் கண்ட பிறகே அவர் மனம் ஆறியது.

முப்பது ஆண்டுகளுக்குப் பின், 2006 இல், பிரையன் மே அதே கல்லூரியில் அதே தலைப்புக்கு மீண்டும் பதிவுசெய்தார். இடைப்பட்ட காலத்தில் அத்துறையில் வெளியானவற்றையெல்லாம் தேடிப் படித்து, தம் பழைய அவதானங்களை அவற்றோடு ஒப்புநோக்கி, 2007 இல், அறுபது வயதில், ஆய்வேட்டைச் சமர்ப்பித்துப் பட்டம் பெற்றார். கௌரவப் பட்டங்கள் தேடிவரக்கூடிய புகழில் இருந்தவர், மாணவனாகப் போய் உட்கார்ந்து, தேர்வாளர்கள் முன் விடை சொல்லிப் பெற்ற பட்டம் அது. பொருளாதாரக் கவலை இல்லாதவருக்கு அது எளிது என்று சிலர் சொல்லக்கூடும். ஓய்வு நேரத்தை விலைக்கு வாங்கலாம் என்பது உண்மையே. ஆனால் இளவயதில் நின்ற வேலையை மீண்டும் முதற்பக்கத்திலிருந்து படிக்கும் மனத்தை எந்தப் பணமும் தராது.

நம்மூரில் நடப்பது இதற்கு நேர்மாறானது. சாதாரண தரப் பரீட்சை நெருங்கியதும் வயலினை மூடு, உயர்தரம் வந்ததும் மிருதங்கத்தை நிறுத்து என்பதே பெரும்பாலான வீடுகளின் வழக்கம். பள்ளி விட்டதும் தனியார் வகுப்பு, அது முடிந்ததும் இன்னொரு வகுப்பு என்று பிள்ளைகள் இரவுவரை சைக்கிளில் அலைகிறார்கள். என்னிடம் உயர்தரப் பௌதிகவியல் படித்த மாணவன் ஒருவன், வட இலங்கைச் சங்கீத சபையின் பரீட்சைகளில் தொடர்ந்து சித்தியடைந்தவன், மிருதங்கத்தில் நல்ல கை உள்ளவன். பின்னாளில் அவன் வீட்டுக்குப் போனபோது, அந்த மிருதங்கம் அலுமாரிக்கு மேல் துணி சுற்றிக் கிடந்தது; வார் தளர்ந்து, கரணை வெடித்திருந்தது. கேட்டதற்கு, “இனி எங்க சேர், அது விட்டுப் போச்சு” என்றான். அவனுக்கு அப்போது முப்பது வயதுகூட ஆகவில்லை. பரீட்சைக்காகச் சில காலம் ஒன்றை ஒதுக்கி வைப்பதில் தவறில்லை. பிரையன் மேயும் ஒதுக்கித்தான் வைத்தார். ஒதுக்கி வைத்ததை மறுபடி எடுக்கலாம் என்று அந்தப் பிள்ளைக்கு வீட்டிலோ பள்ளியிலோ ஒருவரும், ஆசிரியனாகிய நான் உட்பட, சொல்லவில்லையே என்பதுதான் என் ஆற்றாமை.

முப்பரிமாண ஒளிப்படங்களில் அவருக்கு உள்ள ஈடுபாட்டைக் கட்டுரை ஒரு வரியில் பொழுதுபோக்கு என்றது. சிறுவயதில் காலை உணவுப் பெட்டிகளோடு கிடைத்த இரட்டைப் பட அட்டைகளில் தொடங்கிய அந்த ஈடுபாடு பிற்காலத்தில் விண்வெளி ஆய்வுக்கே பயன்பட்டது. பென்னு என்ற சிறுகோளிலிருந்து மண் எடுத்துவர நாசா அனுப்பிய கலம் எடுத்த படங்களை அவரும் அவரோடு சேர்ந்து பணியாற்றிய கிளோடியா மன்சோனியும் முப்பரிமாணமாகத் தெரியும் இணைப்படங்களாக்கிக் கொடுத்தது, கலம் இறங்கத்தக்க இடத்தைத் தெரிவு செய்வதற்கு உதவியது. அந்த மண் 2023 செப்டெம்பரில் பூமிக்கு வந்து சேர்ந்தது.

அவர் ஆராய்ந்த தூசியின் ஒளியை நம் கடற்கரையிலிருந்தே வெறுங்கண்ணால் காண முடியும் என்பதையும் கட்டுரையில் சேர்த்திருக்கலாம். இராசிமண்டல ஒளி எனப்படும் அது, நிலவில்லாத விடியற்காலையில், கிழக்கு வெளுப்பதற்குச் சற்று முன், அடிவானத்திலிருந்து கூம்பு வடிவில் மங்கலான வெண்மையாக எழுந்து நிற்கும். நிலநடுக்கோட்டுக்கு அண்மையில் இருப்பதால் அது நமக்கு ஏறக்குறைய நிமிர்ந்தே தெரியும். கிழக்கே கடல் விரிந்திருக்கும் திருகோணமலைக்கு இது பெரிய வசதி. துறைமுக விளக்குகள் எட்டாத நிலாவெளி, குச்சவெளிக் கரைகளில், மழை தொடங்குமுன் ஆவணி, புரட்டாதி மாதங்களின் அமாவாசையை ஒட்டிய நாட்களில், காலை நாலரை மணியளவில் பார்ப்பது நல்லது. கண் இருளுக்குப் பழக இருபது நிமிடமாவது கைத்தொலைபேசியைப் பார்க்காமல் காத்திருக்க வேண்டும்.

ஆகையால் தங்களிடம் ஒரு வேண்டுகோள். மாதந்தோறும் அமாவாசைக்கு முந்திய வார மலரில், அம்மாத வானில் காணக்கூடியவற்றைச் சிறு பெட்டிச் செய்தியாக வெளியிடுங்கள். நம் மாவட்டப் பாடசாலைகளின் விஞ்ஞான மன்றங்கள் பெற்றோரையும் அழைத்துக்கொண்டு மாணவரைக் கடற்கரைக்குக் கூட்டிச்செல்ல முன்வந்தால், வானைக் காட்டி விளக்குவதற்கு நான் ஆயத்தமாக இருக்கிறேன். மன்றப் பொறுப்பாசிரியர்கள் தங்கள் அலுவலகம் வழியாக என்னுடன் தொடர்புகொள்ளலாம்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற பௌதிகவியல் ஆசிரியர்,
திருகோணமலை.