செயலாளரின் ஆண்டறிக்கை: மூன்று விளையாட்டும் ஒரு நோட்டும்

உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். நம் விளையாட்டுச் சங்கத்தின் பொதுக்குழுவில் செயலாளர் அறிக்கை படிக்க வேண்டும் என்று விதி இருக்கிறது, அதனால் எழுதுகிறேன். போன முறை படித்தபோது ஆட்களைவிட காலி நாற்காலிகள்தான் அதிகம் இருந்தன என்பதால், இந்த முறை எல்லாருக்கும் முன்கூட்டியே அனுப்பியும் விடுகிறேன். கையில் கிடைக்கவில்லை என்று யாரும் சொல்ல வேண்டாம்.

விடுமுறைப் பயிற்சி முகாம் நடந்தது. மைதானக் கோடுகள் புதிதாகப் போடப்பட்டன. வாலிபால் வலை மாற்றப்பட்டது. செயற்குழு அவ்வப்போது கூடியது, சில தடவை கூட்டம் செல்லத் தேவையான ஆள் எண்ணிக்கையும் (கோரம்) இருந்தது.

இனி, என் காதில் விழாது என்று நினைத்துச் சிலர் பேசிய விஷயத்துக்கு வருகிறேன். "சங்கமே ஒரு பிள்ளைக்காகத்தான் நடக்கிறது" என்றார்களாம். இந்த ஆண்டு பள்ளிப் படிப்பை முடிக்கும் அந்த மாணவியைத்தான் சொல்கிறார்கள். பெயர் போட வேண்டாம் என்று அவள் அம்மா கேட்டுக்கொண்டார், போடாமலேயே உங்களுக்குத் தெரியும். எட்டாம் வகுப்பில் உயரம் தாண்ட வந்தவள். வாலிபால் அணியில் ஆள் குறைந்த ஒரு நாளில் சும்மா நிற்கட்டும் என்று உள்ளே விட்டார்கள், அப்புறம் அவளை வெளியே எடுக்க யாருக்கும் மனம் வரவில்லை. அடுத்து பேஸ்கட்பால். பள்ளியை விட்டுப் போகும்போது தடகளம், வாலிபால், பேஸ்கட்பால் மூன்றிலும் பள்ளி அணி, அதில் இரண்டுக்குக் கேப்டன், தடை ஓட்டத்தில் மாநிலப் போட்டி வரை போய் வந்தவள்.

இதில் சங்கம் என்ன செய்தது என்று கேட்பவர்களுக்கு: அவளைப் பயிற்றுவித்தவர்கள் மூன்று பேர். மூவருமே நல்லவர்கள், மூவரும் சொன்னது ஒன்றுதான், "என்னிடம் தினம் ஒரு மணி நேரம்தானே!" மற்ற இருவரின் ஒரு மணி நேரம் அவர்கள் கணக்கிலேயே கிடையாது. ஆனால் முழங்கால் எல்லாவற்றையும் சேர்த்துக் கணக்கு வைக்கும். அவள் உயரம் தாண்ட எம்புவது இடது காலில், பேஸ்கட்பாலில் லே-அப் (ஓடி வந்து எம்பிப் பந்தைக் கூடையில் போடுவது) போட எம்புவதும் இடது காலில், வாலிபாலில் இரண்டு காலால் எம்பினாலும் பந்தை ஓங்கி அடித்துவிட்டுப் (ஸ்பைக்) பாதி நேரம் இறங்குவது அதே இடது காலில். பத்தாம் வகுப்பில் முட்டிச் சிப்பிக்குக் கீழே விரலை வைத்து அழுத்தி, "இங்கேதான் சார், படி இறங்கும்போது" என்றாள். அதற்குப் பிறகுதான் நான் அந்த நோட்டைத் தொடங்கினேன். மூன்று பயிற்சியாளர்களும் அன்றன்று எத்தனை தடவை குதிக்க வைத்தோம் என்று ஒரே நோட்டில் எழுத வேண்டும், அடுத்தவர் அதைப் பார்த்துவிட்டுத்தான் தன் பயிற்சியை ஆரம்பிக்க வேண்டும். எளிதாகத் தோன்றும். மூன்று பயிற்சியாளர்களை ஒரே பக்கத்தில் எழுத வைத்துப் பாருங்கள், தெரியும்.

"இரண்டை விட்டுவிட்டு ஒன்றில் ஒழுங்காகக் கவனம் வைக்கலாமே" என்ற அறிவுரையும் நிறைய வந்தது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்களின் அமைப்பு 2016-இல் வெளியிட்ட அறிக்கை நேர்மாறாகச் சொல்கிறது: 15, 16 வயது வரை ஒரே விளையாட்டில் கட்டிப்போடாதீர்கள், வாரத்தில் ஒன்றிரண்டு நாள் ஓய்வு கொடுங்கள், எந்த ஒரு விளையாட்டிலிருந்தும் ஆண்டில் மொத்தம் மூன்று மாதமாவது விலகி இருக்கட்டும் என்று. எலிஸ் பெர்ரி 2007-இல் தன் 16 வயதில் ஆஸ்திரேலியாவுக்காகக் கிரிக்கெட்டும் ஆடினார், கால்பந்தும் ஆடினார், 2011 மகளிர் உலகக் கோப்பைக் கால்பந்தில் ஸ்வீடனுக்கு எதிராகக் கோலும் போட்டார். கிரிக்கெட் போதும் என்று நின்றதெல்லாம் அதற்கப்புறம்தான். கிரிக்கெட், ஹாக்கி இரண்டிலும் இந்தியாவுக்கு ஆடிய நம் எம்.ஜே. கோபாலன் கதை வேறு. 1936-இல் ஒரு பக்கம் பெர்லின் ஒலிம்பிக் ஹாக்கி, மறுபக்கம் இங்கிலாந்துக்குக் கிரிக்கெட் பயணம். அவர் கிரிக்கெட்டுக்குப் போனார். ஹாக்கி அணி தங்கத்தோடு திரும்பியது, அவருக்கோ அந்தப் பயணத்தில் ஒரு டெஸ்ட்கூட ஆடக் கிடைக்கவில்லை. இரண்டு ஆட்டமும் அவர் உடம்பில் ஒத்துப்போயின, தேதிதான் ஒத்துப்போகவில்லை.

தேதி மட்டுமா, மணியும் மோதும். 100 மீட்டர் தடை ஓட்டத்தில் அவள் வயதுப் பிரிவுக்கு 76.2 செ.மீ. உயரத்தில் பத்துத் தடை, ஒன்றுக்கும் அடுத்ததற்கும் 8.5 மீட்டர், நடுவில் எடுத்து வைப்பது மூன்றே காலடி. அதை ஓடி முடித்து மூச்சு வாங்கும்போதே அந்தப் பக்கம் உயரம் தாண்டுதலுக்குப் பெயர் கூப்பிடுகிறார்கள். ஆள் இல்லை என்றால் அந்த வாய்ப்பைத் தானாகவே விட்டதாகத்தான் எடுத்துக்கொள்வார்கள். இரண்டும் ஒரே நேரத்தில் வந்தால் அவள் முறையை மாற்றிக் கொடுக்க நடுவருக்கு விதியிலேயே இடம் உண்டு. ஆனால் யாராவது முன்கூட்டியே போய்க் கேட்க வேண்டும். அந்த யாராவது ஒவ்வொரு முறையும் நானாகவே இருந்தேன். பெஞ்சில் உட்கார்ந்து ஸ்பைக்ஸை (ஆணி வைத்த ஓட்டக் காலணி) கழற்றிக்கொண்டே, "சார், கேட்டுட்டீங்களா?" என்பாள். போட்டிக்குக் கண்டிப்பாக வருகிறோம் என்ற உறுப்பினர்கள் மறுநாள் கோப்பையோடு படம் எடுக்க வந்தார்கள். அதற்கும் நன்றி.

கணக்கைப் பொறுத்தவரை வரவும் செலவும் ஏறக்குறைய நேராகிவிட்டன. விவரம் பொருளாளரிடம் இருக்கிறது, தணிக்கை முடிந்ததும் தருவார். அந்த மாணவிக்கென்று சங்கம் செலவழித்தது ஒரு ஜோடி ஸ்பைக்ஸ், முழங்கால் பட்டை, பயணச் செலவில் ஒரு பங்கு, அவ்வளவுதான். அதைப் பற்றி உரக்கக் கேள்வி கேட்டவர்களின் பெயர்கள் சந்தா பாக்கிப் பட்டியலிலும் அப்படியே இருக்கின்றன. பட்டியலை அறிவிப்புப் பலகையில் ஒட்டலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார், நான்தான் வேண்டாம் என்றேன். இப்போதைக்கு.

மைதானம் தந்த பள்ளிக்கும், மூன்று பயிற்சியாளர்களுக்கும், கட்டிலும் வண்டியும் தந்து உதவியவர்களுக்கும், செயற்குழுவினருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு அவள் இருக்க மாட்டாள். ஏழாம் வகுப்பில் இரண்டு பிள்ளைகள் காலையில் ஓடிவிட்டு மாலையில் பந்தும் ஆடுகிறார்கள், அவர்களுக்கும் இப்போதே இரண்டு பயிற்சியாளர்கள். நோட்டில் பக்கம் பாக்கி இருக்கிறது. எனக்கும் வயதாகிறது, வீட்டிலும் கேட்கிறார்கள், இளையவர் யாராவது பொறுப்பேற்க முன்வந்தால் அலமாரிச் சாவியையும் ரசீதுப் புத்தகத்தையும் அன்றைக்கே ஒப்படைத்துவிடுவேன். யாரும் வரவில்லை என்றால் வழக்கம்போல நானே பார்த்துக்கொள்கிறேன், ஆனால் முதல் மாதமே சந்தா கேட்டு வீட்டு வாசலுக்கு வருவேன்.