காய்ச்சல் விட்ட பிறகுதான்

அன்புள்ள சேகர்,

உன் கடிதம் கிடைத்தது. தம்பி டெங்கு குணமாகி வீட்டுக்கு வந்துவிட்டான், நன்றாகச் சாப்பிடுகிறான் என்று படித்த பிறகுதான் எனக்கு நிம்மதி. ஆனால் நீ எழுதியதில் பாதிக்கு மேல் பிளேட்லெட் (ரத்தம் உறைய உதவும் அணுக்கள்) கணக்குதான்டா! காலையில் எவ்வளவு, மாலையில் எவ்வளவு, ஏன் ஏற்றவில்லை என்று டாக்டரோடு சண்டை வேறு. நான் அந்த டாக்டர் கட்சி.

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் டெங்கு வந்த பெரியவர்கள் 372 பேரை வைத்து நடந்த ஆய்வு ஒன்று 2017-ல் லான்செட் மருத்துவ இதழில் வந்தது. எல்லோருக்கும் பிளேட்லெட் 20,000 அல்லது அதற்கும் கீழே. ஒரு பிரிவுக்கு ஏற்றினார்கள், இன்னொரு பிரிவுக்கு ஏற்றவில்லை. ரத்தக்கசிவில் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசமே இல்லை, ஏற்றியவர்களுக்குத்தான் அரிப்பு, தடிப்பு போன்ற தொல்லைகள் அதிகம்.

டெங்குவில் ஆளைச் சாய்ப்பது பெரும்பாலும் பிளாஸ்மா, அதாவது ரத்தத்தின் நீர்ப்பகுதி, கசிவதுதான். ரத்தக்குழாயிலிருந்து நீர் கசிந்து வயிற்றிலும் நுரையீரலைச் சுற்றியும் தேங்கும், உள்ளே மிஞ்சுகிற ரத்தம் கெட்டியாகும். அதைக் காட்டுவது ஹீமாடோக்ரிட், அதாவது ரத்தத்தில் சிவப்பணுக்கள் எத்தனை சதவீதம் என்கிற கணக்கு. வழக்கமாக 40 இருப்பவனுக்கு 48 என்று வந்தால் 20% ஏறிவிட்டது, வார்டில் நாங்கள் அவன் கட்டிலை விட்டு நகர மாட்டோம். இது நடப்பது காய்ச்சல் இறங்குகிற சமயத்தில், பெரும்பாலும் 3-லிருந்து 7-ஆம் நாளுக்குள், ஒன்றிரண்டு நாள். காய்ச்சல் விட்டும் ஏன் வீட்டுக்கு அனுப்பவில்லை என்று கேட்டிருந்தாயே, காரணம் இதுதான். ஆள் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்பான், கையைத் தொட்டால் சில்லென்று இருக்கும், பிரஷர் பார்த்தால் மேலே 100, கீழே 85. மேலே உள்ள 100-ஐ மட்டும் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் ஏமாறுவார்கள், ஏனென்றால் இரண்டுக்கும் இடைவெளி 20-க்குள் வந்துவிட்டாலே ஷாக், அதாவது உறுப்புகளுக்குப் போதிய ரத்தம் போகாத நிலை, தொடங்கிவிட்டது என்று அர்த்தம். விடாத வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம், ஆள் சோர்ந்துபோவது அல்லது நிலைகொள்ளாமல் தவிப்பது, இவற்றை உலக சுகாதார நிறுவனம் 2009-லேயே அபாய அறிகுறிகளாகச் சேர்த்துவிட்டது.

அப்புறம் தம்பிக்கு டிரிப்பை நிறுத்திய விஷயம். கசிந்த நீர் திரும்ப ரத்தத்துக்குள் வரும்போதும் டிரிப் ஏற்றிக்கொண்டே இருந்தால் நுரையீரல் நிறைந்து மூச்சு முட்டும். எப்போது நிறுத்துவது என்பதில்தான் டாக்டரின் கைத்திறமையே இருக்கிறது.

மருந்து என்று ஒன்றும் கையில் இல்லை. குளோரோகுயின், ஸ்டீராய்டு, கொழுப்புக்குக் கொடுக்கிற லோவாஸ்டாடின் என்று வியட்நாமில் ஒவ்வொன்றாகச் சோதித்துப் பார்த்தார்கள், எதுவும் கைகொடுக்கவில்லை. யாருக்குத் தீவிரமாகும் என்று முதல் நாளே சொல்கிற சோதனையும் இன்னும் வரவில்லை, எனக்கு அதுதான் பெரிய குறை. இரண்டாவது தடவை வேறு வகை டெங்கு வைரஸ் தொற்றினால் ஆபத்து கூடுதல் என்பது மட்டும் தெளிவு. நிகரகுவா குழந்தைகளைப் பல வருடம் தொடர்ந்து பார்த்து 2017-ல் வந்த ஆய்வு, பழைய தொற்றின் ஆன்டிபாடி (உடல் உருவாக்கும் எதிர்ப்புப்பொருள்) ஒரு குறிப்பிட்ட நடுத்தர அளவில் இருக்கும்போதுதான் ஆபத்து அதிகம் என்றது. ரொம்பக் கூடுதலாக இருந்தால் அது காப்பாற்றுகிறது. விசித்திரமான நோய்டா இது.

நான் அதே வார்டில்தான் இருக்கிறேன், இரவு டியூட்டி மட்டும் குறைந்திருக்கிறது. தம்பியின் முதல் சில நாள் ரிப்போர்ட்டில் ஐஜிஜி (பழைய தொற்றைக் காட்டக்கூடிய ஆன்டிபாடி வகை) பாசிட்டிவ் என்று இருந்ததா? இருந்தால் அவனுக்கு இது இரண்டாவது தடவையாக இருக்கலாம். பார்த்து எழுது.

அன்புடன்,
கண்ணன்