ஆர்.எஸ். என்றால் ரயில்வே ஸ்டேஷன் இல்லை

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோவையில் 29 வருடம் டவுன் பஸ்ஸில் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். கொங்கு நாட்டை உருவாக்கிய பெரியவர்களைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். தீரன் சின்னமலை, திருப்பூர் குமரன், பெரியார், சி.சுப்பிரமணியம் எல்லோரும் இருந்தார்கள். நல்ல கட்டுரை, வெட்டி எடுத்து வைத்திருக்கிறேன். சிலை வைத்த ஆட்களுக்கு வருஷத்துக்கு ஒரு மாலையாவது விழும். பஸ் ஸ்டாப் ஆகிப்போன ஆட்களின் கதி வேறு. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

இருபது வருடத்துக்கு முன்னால் நடந்தது. காந்திபுரத்திலிருந்து வடவள்ளி போகிற வண்டி. ஆறாவதோ ஏழாவதோ படிக்கிற ஒரு பாப்பா, இரட்டைச் சடை, மடியில் சார்ட் பேப்பர் சுருள். டிக்கெட் கிழித்துக் கொடுத்தபோது, “ஏனுங்ணா, ஆர்.எஸ்.புரத்துல ஆர்.எஸ்.னா யாருங்ணா? மிஸ் கேட்டாங்க” என்றாள். வண்டியில் கூட்டம். ஒரு பெரியம்மா ஐம்பது ரூபாயை நீட்டிக்கொண்டு சில்லறைக்கு நிற்கிறார். நான் யோசிக்கவே இல்லை. “ரயில்வே ஸ்டேஷன் கண்ணு” என்று சொல்லிவிட்டேன். தபாலில் கோயமுத்தூர் ஆர்.எஸ். என்று எழுதுவார்களே, அந்த நினைப்பு.

அடுத்த வாரம் அதே பாப்பா ஏறினாள். முகத்தில் சிரிப்பே இல்லை. “நீங்க சொன்னத எழுதி மார்க் போச்சுங்ணா. ரத்தினசபாபதி முதலியாராமா” என்றாள். சுற்றி இருந்தவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த ரூட்டில் ஒரு நாளைக்கு எட்டு ட்ரிப். எத்தனை ஆயிரம் தடவை “ஆர்.எஸ்.புரம் எல்லாம் எறங்கு” என்று கத்தியிருப்பேன்! கத்தினது ஒரு மனுஷன் பெயரை என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது.

அன்று ராத்திரி டெப்போவில் கணக்கை ஒப்படைத்துவிட்டு, பழைய டயரி ஒன்றில் ஸ்டாப் பெயர்களை வரிசையாக எழுத ஆரம்பித்தேன். பிறகு வண்டியில் ஏறுகிற பெரியவர்களைக் கேட்பது, வார லீவில் நூலகத்துக்குப் போவது என்று அது வளர்ந்தது. வீட்டில் இதைக் “கண்டக்டர் பி.எச்.டி.” என்பார்கள்.

சி.எஸ்.ரத்தினசபாபதி முதலியார் கோவை நகராட்சியின் தலைவராக இருந்தவர். சிறுவாணித் தண்ணீர் ஊருக்கு வந்து சேர ஓயாமல் அலைந்தவர். ரத்தின என்பதில் ஒரு எழுத்து, சபாபதி என்பதில் ஒரு எழுத்து எடுத்துப் புரம் சேர்த்துவிட்டோம். பக்கத்தில் இருக்கிற டி.பி. ரோடு திவான் பகதூர் ரோடு. அங்கே ஆளையே விட்டுவிட்டு வெள்ளைக்காரன் கொடுத்த பட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டோம், அதையும் சுருக்கி.

அதே சிறுவாணிக்கு அவருக்கும் முன்னால் குரல் கொடுத்தவர் எஸ்.பி.நரசிம்மலு நாயுடு. 1885-இல் பம்பாயில் கூடிய முதல் காங்கிரஸுக்குப் போய் வந்தவர், இந்த ஊரில் பத்திரிகை நடத்தியவர். டவுன்ஹால் ஸ்டாப்பில் இறங்கினால் எதிரே நிற்கிற விக்டோரியா ஹால் 1892-இல் எழும்பியதிலும் அவர் உழைப்பு இருக்கிறது. 1922-இல் காலமானார். குழாயைத் திறந்து ஒரு சொம்பு சிறுவாணித் தண்ணீர் பிடித்துக் குடிக்க அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. ‘டவுன்ஹால், டவுன்ஹால்’ என்று நாங்கள் கூவுவதில் விக்டோரியாவும் போய்விட்டாள், நாயுடுவும் போய்விட்டார். ராணி போனதில் எனக்கு வருத்தம் இல்லை.

அங்கிருந்து நடக்கிற தூரம்தான் வெரைட்டி ஹால் ரோடு. பலசரக்குக் கடை ஏதோ இருந்திருக்கும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். சாமிக்கண்ணு வின்சென்ட் என்று ஒருவர், திருச்சியில் ரயில்வேயில் படம் வரைகிற வேலை பார்த்தவர். 1905-இல் ஒரு பிரெஞ்சுக்காரரிடம் படம் காட்டுகிற மெஷினை விலைக்கு வாங்கினார். வேலையை விட்டுவிட்டு ஊர் ஊராகக் கூடாரம் அடித்துப் படம் காட்டினார். கடைசியில் 1914-இல் சொந்த ஊரில் கட்டிய தியேட்டர்தான் வெரைட்டி ஹால். ரோட்டுக்குப் பெயர் கொடுத்தது அந்தத் தியேட்டர்.

அவிநாசி ரோடு என் டயரியில் தனியாகப் பத்துப் பக்கம் பிடித்திருக்கிறது. லட்சுமி மில், ஜி.குப்புசாமி நாயுடு 1910-இல் தொடங்கியது. நவ இந்தியா, ஒரு காலத்தில் இங்கிருந்து வெளிவந்த தமிழ் நாளிதழின் பெயர் (பத்திரிகைக்காரர்களாகிய நீங்களாவது இதை எழுதியிருக்கலாம்). பி.எஸ்.ஜி. என்பது பி.எஸ்.கோவிந்தசாமி நாயுடு. அவர் மகன்கள் நான்கு பேர் சொத்தை ஐந்து பங்காக வைத்து, ஐந்தாவதைத் தர்மத்துக்கு என்று ஒதுக்கி 1926-இல் அறக்கட்டளை தொடங்கினார்கள். நான்கு பேருக்கு ஐந்து பங்கு என்ற கணக்கைச் சொன்னால் பஸ்ஸில் சண்டை போடுகிற அண்ணன் தம்பி கூட ஒரு நிமிஷம் நிறுத்திக் கேட்பார்கள். சோதித்துப் பார்த்திருக்கிறேன்.

அப்புறம் ஹோப் காலேஜ். வெளியூர்க்காரர்கள் அதிகம் ஏமாறுகிற ஸ்டாப் அது. ஒரு தடவை தாராபுரம் பக்கத்துப் பெரியவர் ஒருவர் மஞ்சப்பையோடு இறங்கி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்துவிட்டு, திரும்பப் படியில் கை வைத்து, “கண்டக்டர் தம்பி, காலேஜ் எங்கீங்க?” என்றார். “காலேஜ் இல்லீங்க, பேர் மட்டுந்தானுங்க” என்றேன். “காலேஜ் இல்லாத காலேஜா! எங்கூர்ல ஆத்துல தண்ணி இல்லாத மாதிரியா?” என்று சிரித்துக்கொண்டே போனார்.

ஆனால் காலேஜ் இருந்தது. 1945-இல் சென்னை மாகாணக் கவர்னராக இருந்த ஆர்தர் ஹோப் பெயரில் தொழில்நுட்பக் கல்லூரி ஒன்று தொடங்கினார்கள். அதற்குப் பணமும் உழைப்பும் கொடுத்து, முதல்வராகவும் இருந்தவர் ஜி.டி.நாயுடு. நாலு வருஷப் படிப்பு வெட்டி நேரம் என்று சண்டை போட்டவரும் அவர்தான். பிறகு அந்தக் கல்லூரி தடாகம் ரோட்டுக்குப் போய், இன்றைக்கு அரசு தொழில்நுட்பக் கல்லூரியாக, ஜி.சி.டி.யாக இருக்கிறது. காலேஜ் போன பின்னும் கவர்னர் மட்டும் ஸ்டாப்பில் நிற்கிறார். 2025 அக்டோபரில் உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை 10 கிலோமீட்டர் மேம்பாலம் திறந்தார்களே, அதற்கு ஜி.டி.நாயுடு பெயர். ஆக, மேலே நாயுடு, கீழே கவர்னர். அந்த இடத்தில் சிக்னலில் நிற்கும்போது எனக்கு மட்டும் சிரிப்பு வரும். ஜி.டி. என்பதற்குக் கோபால்சாமி துரைசாமி என்று விரித்துச் சொல்ல எத்தனை பேருக்குத் தெரியும்? கலங்கல் கிராமத்தில் 1893-இல் பிறந்த அந்த மனுஷனுக்கு அவ்வளவு பெரிய பாலம் கட்டினோம். பாலத்துக்கு அடியில் ஒரு பலகை வைத்து நாலு வரி எழுதினால் என்ன?

அதே ரோட்டில் இன்னும் கிழக்கே போனால் சின்னியம்பாளையம். இதைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாக எழுதுகிறேன். ஜனவரி 8 அன்று காலை ட்ரிப்பில் செங்கொடியோடு பத்துப் பதினைந்து பேர் ஏறுவார்கள். ஒரு வருஷம் அவர்களோடு வந்த வயசாளி ஒருவருக்கு ஜன்னலோரம் சீட் போட்டுக் கொடுத்தேன். மில்லில் வேலை பார்த்த கை, விரல் நுனி எல்லாம் தேய்ந்து வழவழவென்று இருந்தது. “என்னங்கய்யா விசேஷம்?” என்று கேட்டதற்கு, சட்டைப் பையைத் தொட்டுக்கொண்டு, “ராமையன், வெங்கடாசலம், சின்னையன், ரங்கண்ணன்” என்றார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. நாலு பெயரும் ஒரே மூச்சில் வந்தன, சொந்த வீட்டுப் பிள்ளைகளைக் கூப்பிடுகிற மாதிரி. ரங்கவிலாஸ் மில் தொழிலாளர்கள். தொழிற்சங்கம் சூடாக இருந்த காலத்தில், ஒரு கொலை வழக்கில், 1946 ஜனவரி 8 அன்று நாலு பேரையும் கோவை மத்திய சிறையில் தூக்கில் போட்டார்கள். சுதந்திரத்துக்கு ஒன்றரை வருஷம் இருந்தது. வ.உ.சி. செக்கிழுத்த அதே சிறை. வ.உ.சி.க்குப் பூங்கா இருக்கிறது, மைதானம் இருக்கிறது. வேண்டியதுதான். ஆனால் மில் முதலாளிகள் பெயரில் ஸ்டாப்புக்கு ஸ்டாப் கூவிவிட்டு, மில் தொழிலாளி நாலு பேருக்கு மட்டும் சும்மா “சின்னியம்பாளையம்” என்று விசில் அடிக்க எனக்கு ஒரு மாதிரி இருந்தது. அதற்குப் பிறகு ஜனவரி 8-இல் டியூட்டி விழுந்தால் அந்த ஸ்டாப்பில் நாலு பெயரையும் சொல்லித்தான் விசில் அடித்தேன். செக்கிங் இன்ஸ்பெக்டர் ஒருவர் முறைத்தார், அவ்வளவுதான்.

எனக்குச் சொந்த ஊர் கொடுமுடிப் பக்கம். காலிங்கராயன் வாய்க்கால் பாய்கிற ஊர். காலிங்கராயன் பவானியில் அணை கட்டி, ஐம்பத்தாறு மைல் வாய்க்கால் வெட்டி, எழுநூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் மஞ்சளும் வாழையும் நெல்லும் அதில்தான் விளைகிறது. பாம்பு போன தடத்தைப் பார்த்து வாய்க்காலை வளைத்து வெட்டினார் என்றும், தன் லாபத்துக்கு வெட்டினான் என்று யாரும் சொல்லிவிடக் கூடாதென்று குடும்பத்தோடு பொள்ளாச்சிக்கு அருகே ஊத்துக்குளிக்குப் போய்விட்டார் என்றும் எங்கள் அம்மிச்சி கதை சொல்லும். பாம்பு நிஜமா என்று கேட்காதீர்கள். ஆடு மேய்க்கிற பையனைக் கேட்டாலும் காலிங்கராயன் யார் என்று சொல்வான். ஏனென்றால் அந்த வாய்க்காலை யாரும் கே.ஆர். கால்வாய் என்று சுருக்கவில்லை.

ஆகவே மாநகராட்சிக்குத் தங்கள் மூலம் ஒரு வேண்டுகோள். ஸ்டாப் பலகைகளில் பெயரை முழுசாக, தமிழில் எழுதுங்கள். கீழே ஒரே ஒரு வரி: யார், என்ன செய்தார், எந்த வருஷம். பெயிண்ட் செலவுதான்.

தங்களுக்கும் ஒரு வேண்டுகோள். தினம் ஒரு ஸ்டாப் என்று உள்பக்கத்தில் சின்னப் பெட்டிச் செய்தி போடலாம். டயரியைக் கொண்டுவந்து தருகிறேன், காசு வேண்டாம். தங்கள் அலுவலக வாசல் ஸ்டாப்பிலிருந்தே தொடங்கலாம். போன செவ்வாய்க்கிழமை போய்ப் பார்த்தேன். பலகையில் இப்போதைக்கு ஒரு ஜவுளிக்கடை ஆடித் தள்ளுபடிதான் ஒட்டியிருக்கிறது.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கண்டக்டர்,
சிங்காநல்லூர், கோவை.