கைதுக் காரணம் தமிழில் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். செம்மர வழக்கில் சிக்கும் ஜவ்வாது மலைக் கூலித் தொழிலாளியானாலும், நகரி, சத்தியவேடு பக்கத்துத் தமிழ்க் குடும்பத்துப் பையனானாலும், ஆந்திர ஸ்டேஷனில் கைதுக் காரணத்தை எழுதிக் கையெழுத்து வாங்கும் தாள் பெரும்பாலும் தெலுங்கில்தான் இருக்கிறது. கேட்டால், "இவனுக்குத் தெலுங்கு நல்லா வருமே" என்பார்கள். வரும்தான். எல்லையில் வளர்ந்தவனுக்குச் சந்தையில் பேரம் பேசும் அளவுக்குத் தெலுங்கு வரும், எழுத்துக் கூட்டிப் படிக்க வராது.

இந்த வித்தியாசத்தை உச்ச நீதிமன்றம் 1962-லேயே ஹரிகிசன் வழக்கில் தீர்த்துவிட்டது. தடுப்புக் காவலில் (குற்றம் செய்துவிடாமல் தடுக்க, விசாரணையின்றி) வைக்கப்பட்டவருக்குக் காரணங்களை ஆங்கிலத்தில் கொடுத்தார்கள். அவருக்கு ஆங்கிலம் தெரியாது, இந்திதான் தெரியும். வாயால் விளக்கிச் சொன்னது போதாது, அவர் படிக்கும் எழுத்தில் தந்திருக்க வேண்டும் என்று தீர்ப்பாயிற்று. எந்தக் குற்றத்துக்கான கைதுக்கும் இது பொருந்தும் என்பதை 2025 நவம்பரில் மிஹிர் ராஜேஷ் ஷா வழக்கு உறுதிசெய்தது. கைதானவருக்குப் புரியும் மொழியில் காரணத்தை எழுதித் தர வேண்டும். உடனே முடியாவிட்டால் வாயால் சொல்லலாம், ஆனால் ரிமாண்டுக்கு (காவலில் வைக்க உத்தரவு கேட்டு மாஜிஸ்திரேட் முன்) நிறுத்த 2 மணி நேரம் முன்பாவது தாள் அவர் கைக்கு வந்திருக்க வேண்டும். வராவிட்டால் கைதும் ரிமாண்டும் செல்லாது. (தாளைக் கொடுத்துவிட்டுத் திரும்பக் காவல் கேட்கப் போலீசுக்கு வழி உண்டு என்பதையும் குடும்பத்தாரிடம் மறைக்கக் கூடாது.)

காரியம் கெடுவது ரிமாண்டு நேரத்தில். மாஜிஸ்திரேட் தெலுங்கில் ஏதோ கேட்பார், பயந்துபோனவர் தலையாட்டுவார், "புகார் இல்லை" என்று பதிவாகிவிடும். அப்போது தமிழிலேயே சொல்லுங்கள்: "எனக்குத் தெலுங்கு படிக்கத் தெரியாது. காரணம் தமிழில் தரவில்லை. என்னைப் பிடித்தது இன்ன நாள், இன்ன நேரம், இன்ன இடம்." இதை உத்தரவில் பதியும்படி வக்கீல் கேட்க வேண்டும். வக்கீல் வைக்க வசதியில்லையா? காவலில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. 15100-க்குப் போன் செய்யலாம்.

நேரத்தைச் சொல்வது ஏன் என்றால், கைதானவரை மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டிய 24 மணி நேரக் கணக்கு, நடைமுறையில் கைது மெமோவில் (கைதுக் குறிப்பில்) எழுதிய நேரத்திலிருந்தே எண்ணப்படுகிறது. பிடித்தது முந்தின நாள் இரவாக இருக்கலாம். உச்ச நீதிமன்றத்தின் டி.கே.பாசு தீர்ப்பின்படி மெமோவில் உறவினரோ உள்ளூர்ப் பெரியவரோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். உறவினர் வேறு மாவட்டத்தில் இருந்தால் 8 முதல் 12 மணி நேரத்துக்குள் சட்ட உதவி அமைப்பு மூலமும் அவர்கள் ஊர் ஸ்டேஷன் மூலமும் தகவல் போக வேண்டும். வீட்டார் பஸ் டிக்கெட்டையும், கடைசியாகப் போன் வந்த நேரத்தையும் பத்திரப்படுத்துங்கள். திருத்தணியில் பஸ்ஸை விட்டு இறக்கிக் கொண்டுபோயிருந்தால், சம்பவத்தின் ஒரு பகுதி தமிழ்நாட்டில் நடந்ததால், அரசியல் சட்டம் 226(2)-இன்படி சென்னை உயர் நீதிமன்றத்திலேயே ஆட்கொணர்வு மனு போட இடமுண்டு. ஆந்திர உயர் நீதிமன்றம் இருக்கும் அமராவதிக்கு அலைய வேண்டியதில்லை.

"ஐ.நா.வுக்கு எழுதலாமா?" என்று பலரும் கேட்கிறார்கள். ஐ.நா.வின் குடிமை, அரசியல் உரிமைகளுக்கான உடன்படிக்கையில் இந்தியா 1979-இல் சேர்ந்தது. தனிநபர் புகாரை அனுமதிக்கும் துணை நெறிமுறையில் சேரவில்லை, எனவே ஐ.நா. மனித உரிமைக் குழு நம் புகாரை விசாரிக்காது. ஹேக்கில் உள்ள சர்வதேச நீதிமன்றம் நாடுகளுக்கு இடையிலான வழக்குகளுக்கானது. அந்த உடன்படிக்கை நமக்குக் கைகொடுப்பது நம் நீதிமன்றம் வழியாகத்தான். 1993-இல் நீலாபதி பெஹேரா வழக்கில் அதன் 9(5) பிரிவையும் (சட்டவிரோதக் கைதுக்கு இழப்பீடு) சுட்டிக்காட்டித்தான், காவலில் இறந்த மகனுக்காகத் தாய்க்கு ரூ.1,50,000 இழப்பீடு கொடுக்க உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

அதே உடன்படிக்கையின் 14-ஆம் பிரிவு இலவச மொழிபெயர்ப்பாளரையும் உறுதி செய்கிறது. குற்றவாளி என்று தீர்ப்பான பிறகும் மொழிபெயர்ப்புச் செலவை அவரிடம் வசூலிக்கக் கூடாது என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 1978-இல் ஜெர்மனிக்கு எதிராகச் சொன்னது. அது நம்மைக் கட்டுப்படுத்தாது, வாதத்துக்கு எடுத்துவைக்கலாம். இங்கேயோ கைது செய்த ஸ்டேஷனின் கான்ஸ்டபிளே மொழிபெயர்க்க நிற்கிறார். அவர் சொல்வது சரியா என்று கைதானவர் எப்படிச் சோதிப்பார்?

சித்தூர், திருப்பதி பகுதிகளின் சட்டப் பணிகள் (இலவச சட்ட உதவி) அமைப்புகள் தமிழும் தெலுங்கும் எழுதப் படிக்கத் தெரிந்தவர்களின் பட்டியலை ஒவ்வொரு ரிமாண்டு நீதிமன்றத்திலும் வைக்க வேண்டும். எல்லை ஸ்டேஷன்களில் கைது மெமோவும் காரணத் தாளும் இரு மொழியில் அச்சடித்துத் தயாராக இருக்க வேண்டும்.

பாரா லீகல் (சட்ட உதவி) தன்னார்வலர்கள் சிலர்,
நகரி