பெரியப்பா மடலை இனி யார் எழுதுவது?

உ

எட்மண்டன், கனடா,
19-1-2025, ஞாயிறு (தை 6)

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதிக்கொண்டது. இங்கே நான் நலம். அங்கே நீ, அத்தான், பெரியப்பா, பிள்ளைகள் எல்லோரும் நலமா?

கார்த்திகையில் நீ போட்ட கடிதம் போன வாரம்தான் கைக்கு வந்தது. இங்கே தபால் ஊழியர்கள் நவம்பர் 15 முதல் டிசம்பர் 17 வரை வேலைநிறுத்தம் செய்தார்கள். குவிந்து கிடந்த தபால் எல்லாம் இப்போதுதான் வீடு வந்து சேர்கிறது. ஆனால் ஆவணிக்குப் பிறகு நான் ஒரு வரிகூட எழுதாமல் இருந்ததற்கு அது காரணம் இல்லை. அது என் தப்புதான், மன்னித்துக்கொள்.

குளிர் எப்படி என்று கேட்டிருந்தாய். இன்று காலை மைனஸ் 27. இந்த ஊரில் காரின் முன்பக்கத்திலிருந்து ஒரு மின்கம்பி மூக்கணாங்கயிறு மாதிரித் தொங்கும். ராத்திரி அதை வெளிச்சுவரில் உள்ள பிளக்கில் செருகிவைக்க வேண்டும். இல்லாவிட்டால் எஞ்சின் ஆயில் கெட்டித்துப்போய்க் காலையில் வண்டி கிளம்பாது. இட்லி மாவும் வெளியே வைத்தால் புளிக்காது. மாவுச் சட்டியை ஓவனுக்குள் வைத்து, ஓவனைப் போடாமல் உள்விளக்கை மட்டும் எரியவிட்டால் அந்தச் சூட்டிலேயே 12 மணி நேரத்தில் பொங்கிவிடும். பொங்கலன்று சொதி வைத்தேன். தேங்காய்ப்பால் டின்னில் வருவதால் முதல் பால், இரண்டாம் பால் என்று பிரிக்க வழியில்லை. பாதி டின்னில் தண்ணீர் விட்டு இளக்கிக் காயை வேகவைத்து, மீதியை இறக்கும்போது ஊற்றினேன். எலுமிச்சம்பழம் அடுப்பை அணைத்த பிறகுதான். இஞ்சித் துவையலும் வைத்தேன். நாலு பேருக்கு ஆகும் அளவு வந்துவிட்டது. மூன்று நாள் சூடுபண்ணிச் சாப்பிட்டேன்.

வேலை இப்போது வாரத்தில் மூன்று நாள்தான். நீ கவலைப்படாதே, நேரம் நிறையக் கிடைக்கிறது. அதனால்தான் நீ கேட்ட விஷயத்தை விரிவாக எழுத முடிகிறது.

பெரியப்பாவுக்குக் கை நடுங்குகிறது, சொந்தக்கார வீட்டுச் செய்தியை எல்லாம் சேர்த்து எல்லா வீட்டுக்கும் அவுக எழுதி அனுப்புகிற மடல் ஐப்பசியில் பாதியில் நின்றுவிட்டது, இனி யார் எழுதுவது என்று கேட்டிருந்தாய். நீதான் எழுத வேண்டும் அக்கா. டைப் அடிக்க உன் மகள் இருக்கிறாள், செய்தி சேர்க்கிற வேலை உன்னுடையது. வாட்ஸ்அப் குழு இருக்கும்போது மடல் எதற்கு என்று பம்பாய் மாமா சொன்னாக என்று எழுதியிருந்தாய். குழுவில் பேசுகிறவர்கள் எட்டுப் பேர். நம்முடையது 24 வீடு. மீதிப் பதினாறு வீட்டிலும் நல்லது கெட்டது நடக்காமலா இருக்கிறது? பெரியப்பா அந்தப் பதினாறு வீட்டுக்காகத்தான் இத்தனை வருஷம் எழுதினாக.

என் பக்கத்து வீட்டுப் பாட்டி உக்ரேனிய வம்சம். விடியுமுன்னே எழுந்து தன் வாசல் பனியோடு என் வாசல் பனியையும் தள்ளிவிட்டுப் போவாள். கேட்டால் பதில் சொல்ல மாட்டாள். ஜனவரி 7 அவர்களுக்குக் கிறிஸ்துமஸ். அன்றைக்கு உள்ளே உருளைக்கிழங்கு வைத்த கொழுக்கட்டை மாதிரி ஒன்று கொண்டுவந்து தந்தாள், கூடவே ஒரு தடித்த தபால் உறையைக் காட்டினாள். அவளையும் சேர்த்து உடன்பிறந்தவர்கள் ஆறு பேர், ஆளுக்கு ஓர் ஊரில் இருக்கிறார்கள். அந்த உறை வயது வரிசைப்படி ஆறு வீட்டையும் சுற்றி வரும். கிடைத்தவர் மற்ற ஐந்து கடிதங்களையும் படித்துவிட்டு, தாம் போன சுற்றில் வைத்த பழைய கடிதத்தை எடுத்துக்கொண்டு புதிதாக ஒன்று எழுதி வைத்து அடுத்தவருக்கு அனுப்ப வேண்டும். நல்ல முறைதான். ஆனால் ஒருவர் மேசையில் உறை தங்கிவிட்டால் ஆறு பேருக்கும் செய்தி நின்றுபோகும். போன தடவை எட்டு மாதம் அப்படித் தங்கிவிட்டதாம். பெரியப்பா முறை அதைவிடத் தேவலை. எல்லார் செய்தியும் ஓர் இடத்துக்கு வரும், அங்கிருந்து எல்லா வீட்டுக்கும் போகும். யாரோ ஒருவர் சும்மா இருந்தால் அவர் செய்தி மட்டும்தான் விட்டுப்போகும். மடல் எழுதுகிற ஆள் படுத்துக்கொண்டால்தான் கஷ்டம், அது இப்போது வந்துவிட்டது. அதனால் இனி எப்போதும் இரண்டு பேர் கையில் இருக்கட்டும்.

முதலில் ஒரு நோட்டு போடு. வீட்டுக்கு ஒரு பக்கம். யார் போனை எடுப்பார்கள், எத்தனை மணிக்குப் பேசலாம், காது எப்படி, போன தடவை என்ன சொன்னார்கள் என்று குறித்துக்கொள். வாரத்துக்கு ஆறு வீடு என்று வைத்தால் நாலு வாரத்தில் 24 வீடும் முடியும். ஐந்தாம் வாரம் எழுத, ஆறாம் வாரம் அச்சடித்து அனுப்ப. ஆக வருஷத்துக்கு எட்டு மடல் வரும், அது போதும். மாதா மாதம் என்று தொடங்கினால் மூன்றாம் மாதமே தட்டிப்போகும்.

“என்ன விசேஷம்?” என்று மட்டும் கேட்காதே. எல்லாரும் “ஒண்ணுமில்ல, எப்பவும் போலத்தான்” என்றுதான் சொல்வார்கள். இன்னைக்கு என்ன குழம்பு, வீட்டுக்குக் கடைசியாக வந்தது யார், கிணற்றில் எத்தனை உறை தண்ணீர் நிற்கிறது, டாக்டர் எந்த மாத்திரையை மாற்றினார் என்று கேள். குழம்பைக் கேட்டால் யாருக்குப் பத்தியம் என்று தெரிந்துவிடும். வந்தவரைக் கேட்டால் எங்கே வரன் பேச்சு நடக்கிறது என்று தெரிந்துவிடும்.

தெரிந்ததை எல்லாம் எழுதக்கூடாது என்பதும் பெரியப்பா கணக்குதான். நிச்சயம் ஆகாத வரன், ஐந்து மாதம் ஆகாத கர்ப்பம், போன வேலை, பரிசோதனை முடிவு, பாகப் பேச்சு, பிள்ளைகளின் மார்க், இந்த ஆறும் மடலில் வராது. எழுதியதை அந்தந்த வீட்டுக்காரரிடம் போனில் ஒருமுறை வாசித்துக் காட்டிவிடு. “சுகர் கூடிடுச்சு” என்று ஒரு வரி போய், அதனால் சம்பந்தி வீட்டில் கேள்வி வந்த கதை உனக்கே தெரியும்.

சாவுச் செய்தி மடலிலும் குழுவிலும் முதலில் வரவே கூடாது. போனில்தான் சொல்ல வேண்டும். முதலில் பங்காளி வீடுகள், அவர்களுக்குத் தீட்டு உண்டு, அன்றைக்கு ஏதாவது நல்ல காரியம் வைத்திருந்தால் நிறுத்த வேண்டும். அப்புறம் பெண் கொடுத்த, எடுத்த வீடுகள். வயதானவர்கள் தனியாக இருக்கும் வீட்டுக்கு நேரே சொல்லாமல், அடுத்த வீட்டில் ஒருவரைப் போய் நிற்கச் சொல்லிவிட்டுப் பேசு. பதினாறு கழிந்த பிறகு மடலில் அவர்களைப் பற்றி அரைப்பக்கம் எழுதலாம். கல்யாணச் செய்தி இருக்கும் தாளில் அது வேண்டாம், தனித்தாளில் இருக்கட்டும்.

யாருக்கு யார் என்பதில்தான் சின்னப் பிள்ளைகள் குழம்புகிறார்கள். நமக்குப் பெரியப்பா, அவர்களுக்குத் தாத்தா, இன்னும் சிலருக்கு மாமா. அதனால் ஆச்சியின் ஏழு பிள்ளைகளுக்கும் 1 முதல் 7 வரை எண் கொடுத்து, அவரவர் பிள்ளைகளை அதன் பின்னால் சேர்த்துவிடு. 3-2-1 என்றால் மூன்றாவது பிள்ளையின் இரண்டாவது பிள்ளைக்குத் தலைப்பிள்ளை. பெயருக்குப் பக்கத்தில் இந்த எண் இருந்தால் பம்பாயில் பிறந்த பிள்ளையும் தானாகவே கண்டுபிடித்துக்கொள்ளும்.

கடைசிப் பக்கத்தில் நாள் குறிப்பு போடு. பெரியப்பா நோட்டில் பிறந்த நட்சத்திரமும், காலமானவர்களுக்கு மாதம், வளர்பிறையா தேய்பிறையா, திதி மூன்றும் இருக்கின்றன. வருஷா வருஷம் தேதி மாறும். பஞ்சாங்கம் பார்த்து அடுத்த மூன்று மாதத்துக்கு உள்ளதை எடுத்து எழுது. வெளிநாட்டு வீடுகளுக்கு அதே தேதி எப்போதும் பொருந்தாது. உங்களுக்குக் காலை 11 மணி என்றால் எனக்கு முந்தின நாள் ராத்திரி 10:30, அதனால் திதி சில சமயம் இங்கே முந்தின நாளே வந்துவிடும். நான் இங்கத்து நேரத்துக்குப் பார்த்துச் சொல்கிறேன்.

எழுத்து 16 புள்ளி அளவுக்குக் குறைய வேண்டாம், வரிக்கு வரி இடைவெளி விடச் சொல். ஒரு பக்கத்துக்கு ஏறக்குறைய 180 சொல் பிடிக்கும். நாலு பக்கம், அதாவது இரண்டு ஏ4 தாள், இரண்டு புறமும். யூனிகோடில் அடிக்கச் சொல், ஆனால் கடைக்குக் கொண்டுபோகும்போது பிடிஎஃப் ஆக்கிக் கொடு. போன வருஷம் வெறும் கோப்பைக் கொடுத்ததில், அந்தக் கடைக் கணினியில் பழைய எழுத்துரு இருந்து, கொம்பெல்லாம் இடம் மாறி ஒருவராலும் வாசிக்க முடியவில்லை. தாளில் படிப்பவர்கள் 14 வீடுதான். 75 ஜிஎஸ்எம் தாள் ஒன்று 4.7 கிராம். இரண்டு தாளும் உறையும் சேர்ந்து 15 கிராமுக்குள் அடங்கும். 20 கிராம் வரை ஐந்து ரூபாய்த் தபால்தலை போதும். ஒரு போட்டோ வைத்தால் எல்லைக்குள் நிற்கும், இரண்டு வைத்தால் தாண்டிவிடும், அப்புறம் வாங்குகிறவரிடம் காசு கேட்பார்கள். பெரியப்பா கார்பன் வைத்து எழுதின காலத்தில் நாலாவது படி மங்கலாக இருக்கும். அதை எப்போதும் அடுத்த தெருச் சித்திக்கே கொடுப்பாக, புரியாததை நடந்து வந்து கேட்டுக்கொள்ளட்டும் என்று.

தமிழ் வாசிக்கத் தெரியாத பிள்ளைகளுக்காக மடலை வாசித்துப் பதிவு செய்து அனுப்பு. நாலு பக்கம் எட்டு நிமிஷம் வரும், இரண்டாகப் பிரித்துவிடு. பெரியவர்கள் பேசுவதைப் பதியும்போது போனை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி வை, ஃபேனை நிறுத்து, குக்கர் அடுப்பில் இருந்தால் இறக்கிவிட்டு வா. தொடங்கும்போதே நாளையும் பேசுகிறவர் பெயரையும் சொல்லிவிடு. அன்றைக்கே குழுவிலிருந்து எடுத்து பென்டிரைவில் போடு. தொண்ணூறு நாளில் தானே அழிகிற ஏற்பாட்டை யாரோ தெரியாமல் போட்டுவிட்டு, கடையம் பெரியம்மா பேசின பதினொரு பதிவு போயே போச்சு. இனி அவுக குரல் நமக்குக் கிடைக்காது.

பட்டாசல் கூடத்தில் தொங்கும் ஆச்சி, தாத்தா படத்தைக் கண்ணாடியிலிருந்து பிரிக்காதே. ஈரத்தில் ஒட்டியிருக்கும், பிரித்தால் முகம் கண்ணாடியோடு வந்துவிடும். சட்டத்தோடு இறக்கி ஜன்னலோரம் சாய்த்து, காலை வெளிச்சத்தில் ஃபிளாஷ் இல்லாமல் எடு. குழுவில் போடும்போது படமாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்பு, இல்லாவிட்டால் தெளிவு குறைந்துவிடும்.

புரட்டாசி மடலைப் பெரியப்பாவே வாசித்து நீ அனுப்பினாயே, அதை நேற்று ராத்திரியும் கேட்டேன். நடுவில் ஊஞ்சல் சங்கிலி கிரீச் கிரீச் என்று கேட்கிறது. தெருவில் யாரோ சைக்கிள் மணி அடிக்கிறார்கள். “எய்யா, கேக்கா?” என்று நடுவில் ஒரு தடவை கேட்கிறாக. யாரைக் கேட்டாகளோ, நான் இங்கிருந்து “கேக்கு பெரியப்பா” என்று சொல்லிவிட்டேன். ஃபேனை நிறுத்து என்று மேலே எழுதினேன். ஊஞ்சலை நிறுத்தாதே அக்கா. அந்தச் சங்கிலிக்கு எண்ணெயும் விடவேண்டாம் என்று அத்தானிடம் சொல்லு.

சரி, மற்ற விஷயம். பங்குனி உத்திரம் ஏப்ரல் 11, வெள்ளிக்கிழமை. இந்த வருஷம் எனக்கு லீவு தோதுப்படவில்லை, வர இயலாது. சாஸ்தா கோயில் தலைக்கட்டு வரியை மாசி பிறந்ததும் அனுப்பிவிடுகிறேன், அதுவரை அத்தானை என் பங்கையும் சேர்த்துப் போடச் சொல். மச்சு ஓடு மாற்றுவதற்கு விலை கேட்டிருப்பதாக எழுதியிருந்தாய். கோடை மழைக்கு முன்னால் உடைந்த ஓட்டை மட்டும் மாற்றினால் போதாதா? ஓட்டைத் தாங்கும் மரச் சரத்தையும் தட்டிப் பார்க்கச் சொல், கரையான் இருந்தால் முதலில் அதைத்தான் கவனிக்க வேண்டும். முழு வேலையை அடுத்த தைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று எனக்குத் தோன்றுகிறது. பெரியப்பாவும் விக்கிரமசிங்கபுரம் சித்தப்பாவும் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டு எழுது.

பெரியப்பாவை டாக்டரிடம் கூட்டிப்போகும்போது சாப்பிடுகிற மாத்திரை எல்லாவற்றையும் அட்டையோடு பையில் போட்டுக் கொண்டு போ. சில மாத்திரையாலும் கை நடுங்கும். கையைச் சும்மா மடியில் வைத்திருக்கும்போது நடுங்குகிறதா, டம்ளரை எடுக்கும்போது நடுங்குகிறதா என்று இரண்டு நாள் பார்த்து வைத்துக்கொள், அதைத்தான் முதலில் கேட்பார்கள். மடலின் மேலே பிள்ளையார் சுழி மட்டும் அவுகளே போடட்டும், எப்படி வந்தாலும் சரி.

கடையம் சித்தி மகள் கல்யாணத்துக்கு வைகாசியில் நாள் பார்ப்பதாகக் கேள்விப்பட்டேன். நிச்சயமாகிவிட்டதா? ஆகிவிட்டால் மாசி மடலில் முதல் செய்தியாகப் போடு. 24 வீட்டு விலாசத்தையும் ஒட்டுச்சீட்டில் அடிக்கிற மாதிரி ஒரு பட்டியல் செய்து உன் மகளுக்கு அனுப்பியிருக்கிறேன். அதில் கோயம்புத்தூர் அத்தான் வீடு மாறிவிட்டது, புது விலாசம் கேட்டுத் திருத்திக்கொள்ளச் சொல்.

போன் வரிசையில் தென்காசி அத்தையை முதலில் வை. சாயங்காலம் நாலரைக்கு மேல் கூப்பிடு, அதற்கு முன் தூக்கம். இடது காதில் போனை வைக்கச் சொல்லு, வலது காது கேட்பதில்லை.

இப்படிக்கு,
உன் அன்புத் தம்பி

பி.கு.: புளிமிளகாய் யாராவது இந்தப் பக்கம் வருகிறவர்கள் கையில் கொடுத்துவிட முடிந்தால் கொஞ்சம் கொடுத்து அனுப்பு. இதற்கென்று பார்சல் போட வேண்டாம்.